அரைமணி நேரத்தின் விலை: ஜப்பானிய அனிமே தொடர்களின் ஒளிபரப்பு வரலாறு

'அனிமே' என்பது அனிமேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் ஜப்பானியச் சுருக்கம். ஜப்பானியருக்கு அது எந்நாட்டு அசைவூட்டப் படத்தையும் குறிக்கும் பொதுச் சொல்லாக இருக்க, பிற நாட்டாருக்கோ ஜப்பானில் உருவாகும் படங்களையும் தொடர்களையும் மட்டும் சுட்டும் சிறப்புப் பெயராகிவிட்டது. முகம் அசையாமல் வாய் மட்டும் அசையும் பாத்திரங்கள், பல வாரங்களுக்கு நீளும் ஒரே சண்டை, பன்னிரண்டு அல்லது பதின்மூன்று அத்தியாயங்களோடு அந்தரத்தில் நின்றுவிடும் கதை எனத் தொலைக்காட்சி அனிமேயின் அடையாளங்களாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் ஜப்பானிய ஓவிய மரபையும் அழகியலையும் கொண்டே விளக்கப்பட்டுவந்துள்ளன. அவ்விளக்கங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பழைய மரச்செதுக்கு ஓவியங்களைத் தேடிப்போவதற்கு முன் ஒளிபரப்பு அட்டவணையை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒரு தொடர் எந்தக் கிழமையில், எந்த மணிக்கு, யாருடைய பணத்தில் ஒளிபரப்பானது என்று தெரிந்துகொண்டால், மேற்சொன்ன இயல்புகளுள் பலவற்றின் காரணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1953-ல் தொடங்கியது. அவ்வாண்டு பிப்ரவரியில் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யும், ஆகஸ்டில் முதல் தனியார் நிலையமான நிப்பான் தொலைக்காட்சியும் ஒளிபரப்பைத் தொடங்கின. என்.எச்.கே. வீடுதோறும் பெறும் கட்டணத்தாலும் தனியார் நிலையங்கள் விளம்பர வருவாயாலும் நடப்பவை. நாளடைவில் டோக்கியோவில் ஐந்து தனியார் நிலையங்கள் தலைமை நிலையங்களாக அமைந்து, மாவட்ட நிலையங்களைத் தம் வலைப்பின்னலில் இணைத்துக்கொண்டன. ஒசாகா, நகோயா போன்ற நகரங்களின் நிலையங்கள் அவற்றோடு இணைந்திருந்தும் தம் பங்குக்கு நிகழ்ச்சிகளை உருவாக்கி நாடு முழுமைக்கும் அளித்துவந்தன. இந்த அமைப்பில் அரைமணி நேரம் என்பது ஒரு சரக்கு. அதை ஒரு விளம்பரதாரர் வாங்குவார். அப்பணத்தில் நிலையம் நிகழ்ச்சியைத் தயாரிக்கச் செய்யும். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தால் விளம்பரதாரர் விலகுவார், தொடர் நிற்கும்.

1961-ல் ஃபூஜி தொலைக்காட்சியில் சில நிமிட அசைவூட்டத் துணுக்குகள் தொடராக வந்திருந்தன என்றாலும், அரைமணி நேரத்தை வாரந்தோறும் ஒரே கதைநாயகனைக் கொண்டு நிரப்பும் வழக்கம் 1963 ஜனவரி 1 அன்று அதே நிலையத்தில் தொடங்கிய 'தெத்சுவான் ஆட்டம்' தொடரோடுதான் பிறந்தது. 'அஸ்ட்ரோ பாய்' என்று வெளிநாடுகளில் அறியப்பட்ட இத்தொடரை, மங்கா எனப்படும் சித்திரக்கதைகளில் ஏற்கெனவே பெரும்புகழ் பெற்றிருந்த ஒசாமு தெசுகா தம் முஷி புரொடக்ஷன் நிறுவனத்தின் வழியே தயாரித்தார். 1966 டிசம்பர் 31 வரை 193 அத்தியாயங்கள் வெளியாயின. திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திப் படம் பிடித்தால்கூட 25 நிமிடங்களுக்கு 18,000 ஓவியங்கள் தேவைப்படும். அவற்றை ஒரு வாரத்தில் வரைந்து முடிக்கும் ஆள்பலமோ பணமோ எங்கும் இல்லை. ஆகவே தெசுகாவின் குழு ஓர் ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தியது. பேசும்போது வாயை மட்டும் அசைத்தது. ஓர் அசையாப் படத்தின்மீது கேமராவை நகர்த்தி அசைவைப் போலத் தோன்றச் செய்தது. ஒருமுறை வரைந்த பறக்கும் காட்சியைச் சேமித்து வைத்து வேறு அத்தியாயங்களிலும் பயன்படுத்தியது. இவ்வகையில் ஓர் அத்தியாயத்தின் ஓவியங்கள் ஏறத்தாழ 2,000 என்ற அளவுக்குள் அடக்கப்பட்டன. அனிமேயின் நடை என்று பின்னாளில் போற்றப்பட்டதில் பெரும்பகுதி இந்தச் சிக்கனத்தின் பிள்ளையே ஆகும்.

தெசுகா தம் தொடரை நிலையத்துக்கு விற்ற விலை ஓயாத விவாதத்துக்கு உரியது. தயாரிப்புச் செலவைவிட மிகக் குறைந்த தொகைக்கு அவர் இசைந்தார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தொகை எவ்வளவு என்பதில் நூலுக்கு நூல் கணக்கு மாறுகிறது. 1989-ல் தெசுகா மறைந்தபோது எழுதிய கட்டுரையில் அனிமே இயக்குநர் ஹயாவோ மியாசாகி, அந்தக் குறைந்த விலை பின்வந்தோர் அனைவரையும் கட்டிப்போட்ட கெட்ட முன்மாதிரி ஆயிற்று என்று மறைந்தவர்மீதான மரியாதையையும் கடந்து கடுமையாகவே குறிப்பிட்டார். இன்றும் ஓவியக் கலைஞர்களின் குறைந்த ஊதியம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பழி தெசுகாவின் தலையிலேயே விழுகிறது. இந்தக் குற்றச்சாட்டு பாதிதான் நிற்கும். ஒருவர் 1963-ல் இசைந்த விலை, எத்தனையோ முறை புதிதாகப் பேரம் பேசப்பட்ட ஒரு தொழிலில் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மாறாமல் இருக்கிறது என்றால், அவ்விலையைக் காத்துவருபவர்கள் வேறு யாரோ இருக்க வேண்டும். தெசுகாவின் கணக்கில் பற்றாக்குறையை ஈடுசெய்யும் வழி ஒன்றும் இருந்தது: பாத்திரத்தின் உருவத்தைப் பொருள்களில் அச்சிடும் உரிமையை விற்பதும், தொடரை வெளிநாட்டுக்கு விற்பதும். தொடர் தொடங்கிய அதே 1963-ல் அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவம் ஒளிபரப்பாகிவிட்டது.

ஜப்பானில் 'ஆட்டம்' தொடரின் விளம்பரதாரர் மெய்ஜி என்னும் இனிப்பு நிறுவனம். அது தன் மார்பிள் சாக்லேட்டோடு ஆட்டமின் ஒட்டுப்படங்களைக் கொடுத்தது. குழந்தைகள் அவற்றைப் பள்ளிப் பைகளிலும் மேசைகளிலும் ஒட்டிக்கொண்டார்கள். 'அனிமேஸ் மீடியா மிக்ஸ்' என்ற 2012-ஆம் ஆண்டு நூலில் மார்க் ஸ்டைன்பெர்க் இந்த ஒட்டுப்படத்தை வரலாற்றின் மையத்தில் வைக்கிறார்: திரையில் ஆட்டமின் உருவம் அதிகம் அசையாமல் நின்றதால்தான் அசையாத ஒட்டுப்படத்திலும் அது அதே ஆட்டமாக இருந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். சிக்கனத்தால் பிறந்த அசைவின்மை வணிகத்துக்கு வாய்ப்பாக மாறியதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அரிது. 1963-லேயே இனிப்பு நிறுவனங்களான கிளிகோவின் ஆதரவில் 'தெத்சுஜின் 28', மொரினாகாவின் ஆதரவில் 'ஓநாய்ச் சிறுவன் கென்', சோற்றின்மேல் தூவும் பொடி விற்ற மருமியாவின் ஆதரவில் 'எய்ட் மேன்' ஆகியவை வந்தன. முதல் ஆண்டிலேயே அனிமே என்பது, கடையில் ஒரு சிறுவன் கைநீட்டிக் கேட்கக்கூடிய பண்டத்துக்கு ஏவலாளாக நியமிக்கப்பட்டுவிட்டது. 1964 ஜனவரியில் 'ஆட்டம்' பெற்ற 40.3 விழுக்காடு பார்வையாளர் விகிதத்தை, அதன்பின் வந்த எந்த அனிமே தொடரும் தாண்டவில்லை.

வெளிநாட்டுப் பணம் வேறு நிபந்தனைகளைக் கொண்டுவந்தது. 1965-ல் வண்ணத்தில் வந்த தெசுகாவின் 'காட்டுப் பேரரசன்' தொடருக்கு அமெரிக்காவின் என்.பி.சி. சார்பில் பணம் வந்தபோது, எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் புரியும்படி ஒவ்வொரு கதையும் அந்தந்த அத்தியாயத்திலேயே முடிய வேண்டும் என்று கேட்கப்பட்டது. சிங்கக்குட்டி வளர்ந்து தந்தையாகி மடிவதைச் சொல்லும் மங்காவின் நீண்ட கதைக்கு அதில் இடமில்லை; வளர்ந்த சிங்கத்தின் கதையைத் தெசுகா அடுத்த ஆண்டு அமெரிக்கப் பணம் இல்லாமல் தனித்தொடராக எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு விளம்பரதாரர் ஒரு நேரத்தைப் பல்லாண்டுகள் விடாமல் பற்றியிருந்தால் என்ன நிகழும் என்பதற்கு 'சசாஎ-சான்' சான்று. மச்சிகோ ஹசெகாவாவின் நாளிதழ்ச் சித்திரக்கதையைத் தழுவிய இத்தொடர் 1969 அக்டோபர் 5 அன்று ஃபூஜியில், ஞாயிறு மாலை 6.30 மணிக்குத் தொடங்கி இன்றும் அதே நேரத்தில் ஒளிபரப்பாகிறது. உலகின் மிக நீண்ட அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர் என்ற கின்னஸ் சாதனை இதற்குரியது. தோஷிபா நிறுவனம் 1998 வரை தனித்தும், பின்னர் பிறரோடு சேர்ந்தும் 2018 வரை இதைத் தாங்கிநின்றது. கதையில் யாருக்கும் வயதாவதில்லை. வில்லன் இல்லை, சாகசம் இல்லை, விற்பதற்கு ஒரு பொம்மைகூட இல்லை. மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் ஒரு குடும்பத்தின் அன்றாடம் மட்டுமே உண்டு. இதன் முடிவுப் பாடலைக் கேட்டதும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்று மனம் சோர்வதற்குச் 'சசாஎ-சான் நோய்' என்றே ஜப்பானியர் பெயரிட்டிருக்கிறார்கள். ஒளிபரப்பு நேரம் ஒன்று மக்களின் வாராந்திர உணர்வோடு இப்படிக் கலந்துவிடுவது, வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத செய்தி. சண்டையும் எந்திரமும் உள்ளவற்றையே அனிமே என்று எண்ணும் வெளிநாட்டு ரசிகர்களுள் பலருக்கு இத்தொடரின் பெயர்கூடத் தெரியாது.

1970-களின் வரலாற்றில் ஒரு ஞாயிறு இரவைத் தனியே நிறுத்திப் பார்க்கத் தகும். 1974-ல் ஃபூஜியில் இரவு 7.30 மணிக்குக் கல்பிஸ் என்ற பான நிறுவனத்தின் ஆதரவில், இசாவோ தகாஹாதா இயக்கிய 'ஹைடி' ஆண்டு முழுவதும் 52 அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. காட்சிச் சட்டங்களை அமைத்தவர் மியாசாகி. சுவிட்சர்லாந்துக்கே நேரில் சென்று மலைகளையும் வீடுகளையும் பார்த்து வந்து வரைந்த அத்தொடரை நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்டோபரில் அதே நேரத்தில் வேறொரு நிலையத்தில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ' தொடங்கியது. கப்பலால் சிறுமி ஹைடியை வெல்ல முடியவில்லை. 39 அத்தியாயங்களாகத் திட்டமிடப்பட்ட 'யமாத்தோ' 26-இல் முடித்துவைக்கப்பட்டது. ஆனால் பிற்பாடு நடந்த மறுஒளிபரப்புகளில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். 1977 ஆகஸ்டில் அது திரைப்படமாகத் தொகுக்கப்பட்டு வெளிவந்தபோது திரையரங்குகளின் முன் இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணப்பட்ட ஒன்றுக்கு வளர்ந்த ரசிகர் கூட்டம் உண்டு என்பது அப்போதுதான் வணிகர்களுக்கு விளங்கியது.

மறுஒளிபரப்பால் பிழைத்தது 'யமாத்தோ' மட்டும் அன்று. 1971-ல் 23 அத்தியாயங்களோடு தோல்வி என்று ஒதுக்கப்பட்ட 'லூபன் மூன்றாமவன்', மாலைநேர மறுஒளிபரப்புகளில் புகழ்பெற்று 1977-ல் புதுத் தொடராகத் திரும்பியது. முதல் ஒளிபரப்பின் தீர்ப்பை இரண்டாம் ஒளிபரப்பு மாற்றி எழுதியது இப்படிப் பலமுறை நிகழ்ந்திருப்பதால், பார்வையாளர் விகிதத்தை மட்டும் வைத்து இத்தொடர்களின் வரலாற்றை எழுதுவது பிழையாகும்.

இதற்குள் விளம்பரதாரரின் இடத்தை இனிப்பு நிறுவனங்களிடமிருந்து பொம்மை நிறுவனங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. 1972 டிசம்பரில் தொடங்கிய 'மசிங்கர் இசட்' தொடரின் மாபெரும் எந்திர மனிதன் உலோகப் பொம்மையாக விற்றுத் தீர்ந்ததும், ஒவ்வொரு வாரமும் எந்திரம் தோன்றி எதிரியை வீழ்த்துவது எழுதப்படாத விதி ஆயிற்று. அந்த விதிக்குள் நின்றுகொண்டே அதை மீறியவர் யோஷியுகி தொமினோ. 1979 ஏப்ரல் 7 அன்று நகோயா நிலையத்தின் வழியே சனிக்கிழமை மாலை 5.30 மணிக்குத் தொடங்கிய அவருடைய 'கண்டம்' தொடரில், எந்திரங்கள் போர்க்கருவிகள். எதிரிக்கும் நியாயம் உண்டு. நாயகன் போரை வெறுக்கும் ஒரு சிறுவன். விளம்பரதாரரான குளோவர் என்னும் பொம்மை நிறுவனம் சிறு பிள்ளைகளுக்கான பொம்மைகளைச் செய்து வைத்துக்கொண்டு வாங்குவாரின்றித் திகைத்தது. 52 அத்தியாயங்கள் 43 ஆகச் சுருங்கின. தொடர் முடிந்தபின், 1980 ஜூலையில், பந்தாய் நிறுவனம் 300 யென் விலையில் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரிகளை வெளியிட்டபோதுதான் இத்தொடருக்கு உரிய ரசிகர் சிறுவர்கள் அல்லர், பதின்வயதினர் என்பது வெளிப்பட்டது. குளோவர் 1983-ல் நொடித்துப்போயிற்று. 'கண்டம்' மாதிரிகள் இன்றும் விற்கின்றன.

1980-களில் வார இதழ் மங்காக்களைத் தழுவிய தொடர்கள் மாலை ஏழு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டன. 1986-ல் ஃபூஜியில் தொடங்கிய 'டிராகன் பால்', அதன் தொடர்ச்சியான 'டிராகன் பால் இசட்' ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. வாரம் ஒருமுறை வரும் மங்கா அத்தியாயம் இருபது பக்கத்துக்கு உட்பட்டது. அரைமணி நேரத் தொடரோ அதைவிட விரைவாகக் கதையைத் தின்றுவிடும். தொடர் மங்காவை எட்டிப் பிடித்துவிட்டால் அடுத்த வாரத்துக்குக் கதை இராது. நிறுத்தினாலோ நேரம் பறிபோகும். எனவே முறைத்துப் பார்த்தே ஓர் அத்தியாயத்தைக் கழிப்பதும், மூலத்தில் இல்லாத நிரப்புக் கதைகளை இடையில் நுழைப்பதும் வழக்கமாயின. 2002-ல் தொடங்கிய 'நருட்டோ'வின் 220 அத்தியாயங்களில் கடைசி எண்பதுக்கும் மேற்பட்டவை இத்தகைய நிரப்புகளே. ரசிகர்கள் இதைக் கதாசிரியரின் சோம்பல் என்று ஏசுவதுண்டு. உண்மையில் இது ஒளிபரப்பு நேரத்தைக் கைவிடாதிருக்கச் செலுத்தப்பட்ட வாடகை.

ஒளிபரப்பு, உடலையே தாக்கக்கூடிய ஊடகம் என்பதை 1997 டிசம்பர் 16 மாலை காட்டியது. டி.வி. டோக்கியோவில் ஒளிபரப்பான 'போக்கிமான்' தொடரின் 38-ஆம் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னிய ஒரு காட்சியால், வலிப்பு, தலைசுற்றல் முதலியவற்றுக்கு ஆளாகி 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொடர் நான்கு மாதங்கள் நிறுத்தப்பட்டது. ஒளிமின்னலுக்கு வரம்பு விதிக்கும் நெறிமுறைகள் 1998-ல் வகுக்கப்பட்டன. அறையை வெளிச்சமாக வைத்துத் திரையிலிருந்து தள்ளியிருந்து பார்க்கும்படி வேண்டும் அறிவிப்பு அனிமே தொடர்களின் தொடக்கத்தில் இடம்பெறுவது அந்த மாலையின் நினைவே. வன்முறைக் காட்சிகள் குறித்த கெடுபிடியும் அக்காலத்தில் இறுகியிருந்தது. 1998-ல் 'கவ்பாய் பீபாப்' தொடரின் 26 அத்தியாயங்களில் 12 மட்டும் தேர்ந்தெடுத்து டி.வி. டோக்கியோ ஒளிபரப்ப, முழுத்தொடரும் பிறகு வவ்வவ் என்னும் கட்டணச் செயற்கைக்கோள் நிலையத்திலேயே வெளிவந்தது.

இவ்வரலாற்றின் பெரிய திருப்பம் பணம் பாயும் திசை மாறியதுதான். 1995 அக்டோபர் 4 முதல் டி.வி. டோக்கியோவில் புதன் மாலை 6.30 மணிக்கு வந்த 'எவாஞ்செலியன்' தொடரின் தயாரிப்பில் முன்னின்றது கிங் ரெகார்ட்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனம். சிறுவர் நேரத்தில் ஒளிபரப்பான அது வளர்ந்தவர்களின் மனநோவைப் பேசியது. 1997-ல் நள்ளிரவுக்குப் பின் மறுஒளிபரப்பு செய்தபோதும் அதைப் பார்க்க ஆள் இருந்தது. நள்ளிரவு அனிமே அதற்கு முன்பே உண்டு. 1963 செப்டம்பரிலேயே ஃபூஜி பெரியவர்களுக்காக 'சென்னின் புராக்கு' என்ற தொடரை இரவு பதினொன்றரை மணிக்கு மேல் காட்டியிருக்கிறது. ஆனால் 1996-க்குப் பின் வந்த அலை வேறு வகையானது. பதிப்பகம், இசை நிறுவனம், விளம்பர முகமை, பொம்மை நிறுவனம், சிலவேளை நிலையம் ஆகியவை முதலிட்டுச் சேரும் 'தயாரிப்புக் குழு' என்ற ஏற்பாடு பரவியது. அக்குழுவே நிலையத்துக்குப் பணம் கொடுத்து மலிவான நள்ளிரவு நேரத்தை வாங்கியது. பின்னர், இரண்டு மூன்று அத்தியாயங்கள் கொண்ட வட்டு ஒன்றை ஏறத்தாழ 7,000 யென் விலைக்கு விற்று முதலை மீட்டது. ஒளிபரப்பு இப்போது விற்கும் பண்டம் அன்று; வட்டுக்கான விளம்பரம். ஒளிபரப்பில் புகைபோல் மறைத்த காட்சிகளை வட்டில் திறந்து காட்டுவதும், அவசரத்தில் கோணலாக வரைந்த முகங்களை வட்டுக்காகத் திருத்தி வரைவதும் இந்தப் பொருளாதாரத்தின் குறும்புகள். தொடரை உண்மையில் வரையும் ஓவியக்கூடத்துக்குப் பெரும்பாலும் குழுவில் பங்கில்லை. தொடர் எவ்வளவு வென்றாலும் அதற்குக் கிடைப்பது பேசிய கூலி மட்டுமே. தெசுகாவின் விலையைக் காத்துவருபவர்கள் யார் என்ற வினாவுக்கு விடையை இங்கேதான் தேட வேண்டும்.

நட்டம் வந்தாலும் தாங்கக்கூடிய அளவுக்குத் தொடர்கள் சுருங்கின. மூன்று மாத ஒளிபரப்புப் பருவத்தை ஜப்பானியத் தொலைக்காட்சியாளர் 'கூரு' என்பர். ஒரு கூரு என்பது 12 அல்லது 13 வாரம். ஓராண்டுத் தொடர்கள் குறைந்து ஒற்றைக் கூருத் தொடர்கள் பெருகியதால், கதை பாதியில் நிற்க, மீதிக்கு மூல நூலை வாங்க வேண்டும் என்ற நிலை வந்தது. அந்நூலின் பதிப்பகமும் குழுவில் இருந்ததால் இதில் யாருக்கும் மனக்குறை இல்லை, பார்வையாளரைத் தவிர. நிகழ்ச்சி நிரலில் இந்நேரங்கள் 25.30 என்பதுபோல் அச்சிடப்படும். மறுநாள் அதிகாலை 1.30 மணியை முந்தைய நாளின் இருபத்தைந்தாம் மணியாகக் கணக்கிடும் வழக்கம் அது. பெரிய வலைப்பின்னல்களில் சேராத டோக்கியோ எம்.எக்ஸ்., சிபா, சைதாமா, கனகாவா போன்ற சிறு நிலையங்கள் இத்தொடர்களின் புகலிடமாயின. 2006-ல் கியோட்டோ அனிமேஷன் தயாரித்து இத்தகைய நிலையங்களில் வந்த 'ஹருஹி சுசுமியா' 14 அத்தியாயங்களைக் கதையின் கால வரிசையைக் கலைத்து ஒளிபரப்பியது. மாலை ஏழு மணிக்கு எந்த விளம்பரதாரரும் இதற்கு இசைந்திருக்கமாட்டார். ஃபூஜியோ 2005 முதல் 'நொய்தாமினா' என்ற நள்ளிரவு நேரத்தை, அனிமே பார்த்துப் பழகாத பெண்களையும் ஈர்க்கும் நோக்கோடு நடத்தியது. அனிமேஷன் என்ற ஆங்கிலச் சொல்லைத் திருப்பி எழுதினால் அப்பெயர் வரும்.

வட்டு விற்பனை சரிந்தபோது அதன் இடத்தை இணையவழி ஒளிபரப்பு நிறுவனங்கள் செலுத்தும் உரிமைத் தொகை நிரப்பியது. 2020-ல் வெளிநாட்டு வருவாய் முதன்முறையாக உள்நாட்டு வருவாயை விஞ்சியது என்று ஜப்பானிய அசைவூட்டச் சங்கத்தின் அறிக்கை காட்டுகிறது. வெளிநாட்டை எண்ணித் தயாரிப்பது புதிதன்று. நிப்பான் அனிமேஷன் 1989-ல் எடுத்த 'ஜங்கிள் புக்' தொடரை, அது ஜப்பானியத் தயாரிப்பு என்று அறியாமலே, 1990-களில் தூர்தர்ஷனில் இந்திப் பாடலோடு இந்தியப் பிள்ளைகள் பார்த்தார்கள். மாறியிருப்பது வேகம். தொலைக்காட்சித் தொடர்கள் பலவும் பல்லாண்டு கழித்து வெளிநாடு சென்ற நிலை போய், 2024-ல் ஜப்பானில் ஒளிபரப்பான 'சோலோ லெவலிங்' அதே ஆண்டிலேயே தமிழிலும் தெலுங்கிலும் குரல்பெயர்ப்போடு கிடைத்தது.

உள்நாட்டில், மாலை ஏழு மணியின் பொன்னான நேரம் அனிமேயிடமிருந்து கைநழுவியது. பிறப்பு விகிதம் குறைந்து பிள்ளைகள் அருகினர். பயிற்சி வகுப்புக்குப் போன பிள்ளைகள் ஏழு மணிக்கு வீட்டில் இல்லை. 'டிடெக்டிவ் கோனன்' 2009-ல் திங்கள் இரவிலிருந்து சனி மாலைக்கு மாறியது. நெடுங்காலம் வெள்ளி இரவு ஏழு மணிக்கு உரியதாயிருந்த 'டோரேமான்' 2019 அக்டோபரில் சனி மாலை ஐந்துக்குப் போயிற்று. எதிர்த்திசையில், நள்ளிரவில் வளர்ந்த வகை மெல்ல முன்னிரவை நோக்கி ஏறுகிறது: 2019-ல் சிறு நிலையங்களில் தொடங்கிய 'டீமன் ஸ்லேயர்' 2021-ல் ஃபூஜியின் ஞாயிறு இரவு 11.15-ஐப் பெற்றது, 2023-ல் 'ஃப்ரீரென்' தொடரின் முதல் நான்கு அத்தியாயங்களை நிப்பான் தொலைக்காட்சி வழக்கமாகத் திரைப்படங்களுக்கு ஒதுக்கும் வெள்ளி இரவு நேரத்தில் ஒருசேர ஒளிபரப்பியது. 1999 அக்டோபரில் புதன் மாலை ஏழு மணிக்குச் சிறுவர் தொடராகத் தொடங்கிய 'ஒன் பீஸ்', 2006-ல் ஞாயிறு காலை 9.30 மணிக்கு ஒதுக்கப்பட்டு, 2025 ஏப்ரல் முதல் ஞாயிறு இரவு 11.15 மணிக்கு ஒளிபரப்பாகிறது.